இரண்டு குடுவைகளுக்கு ஒரே போத்தல்

ஷிஃபானாவின் கையில் எந்தப் பிழையும் இல்லை. பொய்யன் நான்தான். என்னைப் பேராசிரியனாக்கிய கட்டுரையும் பொய்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொல்லத் துணிவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கண்டியில் உயிர்க்கலங்களை, அதாவது செல்களை, வளர்த்து ஆராய்வது என் தொழில். ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கம் ஒரு செடி முளைக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், நீங்களும் அவித்துக் குடிப்பீர்கள்! நஞ்சு பட்ட சிறுநீரகக் கலங்களை அதன் இலைச்சாறு காப்பாற்றுகிறது என்று எழுதினேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு வகைக் கலத்துக்கு ஒரு போத்தல் வளர்ப்புத் திரவம். அந்த ஆய்வின்போது ஒருநாள், பதினொரு மணிக்கு மின்சாரம் வெட்டுவார்கள் என்று அவசரம். சிறுநீரகக் கலங்களுக்கும் புற்றுநோய்க் கலங்களுக்கும் ஒரே போத்தலில் இருந்து ஊற்றினேன்.

ஒரு துளி போதும். புற்றுநோய்க் கலம் பெருகி மற்றதற்கு இடமே விடாது. சில வாரங்கள் கழித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். குடுவைக்குள் சிறுநீரகக் கலம் ஒன்றுகூட இல்லை. பார்த்ததுமே தெரிந்தது... தெரிந்தும் ஏன் கொட்டவில்லை?

சாறு இல்லாமல் நஞ்சு கொடுத்த உண்மையான சிறுநீரகக் கலங்கள் அந்தக் கலப்புக்கு முன்பே செத்திருந்தன. சாறு கொடுத்த குடுவையில் இருந்தவையோ அந்த நஞ்சுக்கு அசையாத புற்றுநோய்க் கலங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தேன். என்ன அழகு! சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டேன்.

யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினால் எனக்கு மின்னஞ்சல் வரும். வந்துகொண்டே இருந்தது. இத்தனை பேரில் ஒருவன்கூடவா செய்து பார்க்கவில்லை? அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்... வெட்கமில்லாதவன்.

செய்து பார்த்தவள் ஷிஃபானா. திகனவில் சீமெந்துக் கடை வைத்திருப்பவரின் மகள். வாப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. கட்டுரையைப் படித்துவிட்டு, என்னிடமே கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு வந்தாள். இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியும் வாப்பா தள்ளிப்போட்டார். மகளின் சேர் எழுதிய இலை இருக்கிறதே!

வெளிநாட்டிலிருந்து புதிய சிறுநீரகக் கலங்களை வரவழைத்தாள். நஞ்சும் சாறும் கொடுத்தாள். செத்தன. மறுபடி, மறுபடி... மூன்று வருடங்கள்.

"சேர், என்ட கைலதான் பிழையா?"

"நல்லா கழுவிட்டுச் செய்ங்க" என்றேன்.

ஸ்பிரிட் பூசிப் பூசி அவள் விரல்களில் தோல் உரிந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், கலங்களை உறையவைத்திருக்கும் தொட்டியிலிருந்து, அந்தக் கட்டுரைக் காலத்து என் பழைய குப்பி ஒன்றை எடுத்தாள். உள்ளே இருப்பது எந்தக் கலம் என்று வெளிநாட்டில் சோதிக்கப்போவதாகச் சொன்னாள்.

"சேர்ட கலம் சரி என்டு வந்தா, பிழை என்ட கைலதான். போய் வாப்பாட கடையில சீமெந்து விப்பேன். இலையையும் விடாம அவிச்சுக் குடுப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பார்சல் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, படிவத்தில் கையொப்பம் வாங்க அலுவலகத்துக்குப் போனாள். பகல் வேளை, ஆய்வுகூடத்தில் யாருமில்லை. அவள் வாங்கிய நல்ல கலங்களை ஒரு குப்பியில் இட்டேன். பழைய தேதியை எழுதினேன். என் கையெழுத்தையே கள்ளமாகப் போட்டேன்! பெட்டிக்குள் இருந்த குப்பியை எடுத்துவிட்டு இதை வைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முடிவு வந்தது. என் கலம் சரியாம்.

அவள் என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். "உங்கள சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க சேர்."

மன்னித்தேன் என்று தலையாட்டினேன்... நான்! அன்றே பையை எடுத்துக்கொண்டு திகன பஸ்ஸில் போய்விட்டாள்.

இன்று காலை வழக்கமான மின்னஞ்சல் வந்தது. இன்னொருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு கைப்பேசியில் ஷிஃபானாவின் செய்தி. 'வாப்பாட கால் ரெண்டும் வீங்கிட்டு. மூச்சும் வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறார். இலையக் கூட்டிக் குடுக்கலாமா சேர்?'

இல்லை என்று எழுதினால், ஏன் என்று கேட்பாள்.

இப்போது பின்னேரம். இன்னும் எழுதவில்லை. நான் படித்துவிட்டேன் என்று அவளுடைய திரையில் காட்டிக்கொண்டிருக்கும்.