டச்சுவுக்கு ஊசி

எங்கள் அத்தை சந்தாபுராவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு குதிரையோடு வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அத்தை அப்பாவின் அக்கா. ஆனேக்கல் பக்கம், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியொன்றில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பள்ளியை மூடியபோது இளங்குதிரைகளை யார் யாரோ கொண்டுபோனார்கள். ஒரு கிழட்டுப் பெண்குதிரையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அத்தை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். பள்ளியில் அதன் பெயர் டச்சஸ். எங்கள் வாயில் அது டச்சு ஆயிற்று.

பக்கத்துக் காலி சைட்டில் தகரக் கொட்டகை போட்டதும் அத்தை ஆள் வைத்து அதன் லாடங்களைக் கழற்றினாள். "இனிமே இதுக்கு ரோட்ல வேலை இல்ல. வெறுங்கால்ல நடந்தாத்தான் குளம்பு நல்லா விரியும்" என்றாள். செருப்பில்லாமல் நான் வாசலைத் தாண்டினால் முதுகில் போடுகிறவளும் அவள்தான். எது சரி என்று எனக்குப் புரியவில்லை.

தினமும் காலையில் டச்சுவின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்து, வளைந்த கம்பியால் குளம்புக்குள் அடைந்த சாணியையும் கல்லையும் நோண்டி எடுப்பாள். டச்சு மூட்டு பிடித்த கிழம் என்பதால் அத்தை அதன் காலை உயரத் தூக்கமாட்டாள். தானே தரையோடு குனிந்துகொள்வாள். அவ்வப்போது பெரிய அரத்தால் குளம்பின் ஓரத்தைத் தேய்ப்பாள். அது தூள்தூளாக உதிரும். டச்சு சுகமாகக் கண்ணை மூடிக்கொள்ளும். காலை அறுத்தாலும் வலிக்காத பிராணி அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்து சைட் முழுக்கச் சேறானது. ஒருநாள் டச்சு முன்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. ஸ்கூட்டரில் வந்த மாட்டு டாக்டர் பெரிய இடுக்கியால் குளம்பை அழுத்திப் பார்த்தார். டச்சு துள்ளி விலகியது.

"உள்ள சீழ் கட்டியிருந்தா பிழைச்சுக்கும். குளம்புக்குள்ள எலும்பே எறங்கியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சுடு உப்புத் தண்ணில கால வெச்சு, கட்டிப் பாருங்க. மறுபடி வர்றப்பவும் இப்படியே இருந்தா கஷ்டப்படுத்த பேடா, வேணாம்மா. ஒரே ஊசி. வலியில்லாம போயிடும்" என்றார்.

வலி போய்விடும் என்றுதான் என் காதில் விழுந்தது. எனக்கு லேசாக உடம்பு சுட்டாலே ஊசிக்குத் தரதரவென்று இழுத்துப்போகும் அத்தை, "ஊசிப் பேச்சே வேணாம் டாக்டர்" என்றாள்.

அவர் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார். "பாவம்க்கா. போட்டுடலாமே."

அத்தை வாளியில் வெந்நீரை ஊற்றினாள். டச்சுவின் காலை அதில் வைத்து, கழுத்தைத் தடவியபடி நின்றாள். பிறகு துடைத்து, என் கைக்குழந்தைத் தம்பியின் டயாபர் ஒன்றைக் குளம்பில் சுற்றி டேப் ஒட்டினாள். குழந்தையின் டயாபரைக் குதிரைக்குப் போட்டதற்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கணக்குப் பார்க்கும் அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா இவ்வளவு இரக்கப்படுகிறார், அத்தை இவ்வளவு கல்நெஞ்சாக இருக்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஊசி போடச் சொல்லு அத்தே. பாவம், அதுக்கு வலிக்குது."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "நீயுமாடி?" என்றாள்.

டாக்டர் மறுபடி வந்த காலையில் அத்தை கட்டைப் பிரித்தாள். குப்பென்று நாற்றம் அடித்தது. குளம்புக்கு மேலே, மயிர் தொடங்கும் இடத்தில் உடைந்து கருஞ்சாம்பல் நிறத்தில் சீழ் வழிந்திருந்தது. டச்சு அந்தக் காலைத் தரையில் வைத்தது. எடுத்தது. திரும்பவும் வைத்தது. அப்படியே நின்றது.

டாக்டர் புண்ணைக் கழுவி, "நல்லாயிடுச்சும்மா" என்று பையை மூடிக்கொண்டு கிளம்பினார். அவர் மறந்துவிட்டார் என்று எண்ணி நான் ஸ்கூட்டரின் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர்! ஊசி போடவே இல்லியே!"

அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். அத்தை ஓடிவந்துகொண்டிருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ என்னை வாரித் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. குதிரைப் பக்கமே வராத அப்பா, கொட்டகைக்குள் டச்சுவின் கழுத்தில் கை வைத்து, எங்களுக்கு முகம் காட்டாமல் நின்றிருந்தார்.

ஓர் ஊசியைக் கேட்டதற்கு எல்லோரும் ஏன் இப்படி ஆகிவிட்டார்கள் என்று புரியாமல், அத்தையின் தோளில் மூச்சு முட்டக் கிடந்தேன்.