மேவிஸ் குறித்த நூற்று நாற்பத்தொரு பெயர்கள்

எங்கள் ஹெப்லியில் யாராவது இறந்தால் பாதிரியாருக்கு அடுத்தபடி மேவிஸ் ஹோல்ராய்டுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். 'ஹெப்லி ஹெரால்ட்' வாரப் பத்திரிகைக்கு முப்பத்தெட்டு வருடம் ஊர்ச் செய்தி எழுதியவர். மலர்க் கண்காட்சிப் பரிசு, பள்ளி நாடகம், கவுன்சில் சண்டை எல்லாம் எழுதுவார். ஆனால் அவர் பேர் வாங்கியது அடக்கச் செய்தியில். தேவாலய வாசலில் மழைக்கோட்டோடு நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார். நோயில் படுத்திருக்கும் கணவனுக்காகவும் மனைவி வந்திருந்தால், 'கணவருக்கும் சேர்த்து' என்று அதையும் போட வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லாப் பெயரும் பத்திரிகையில் வரும். ஒரு தடவை திருமதி துவெயிட் என்பவரின் பெயர் விட்டுப்போனது. அந்த அம்மாள் இரண்டு வருடம் மேவிஸ் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார். பெயர் வரவில்லை என்றால் நீங்கள் போகவில்லை. எங்கள் ஊர்க் கணக்கு அவ்வளவுதான்.

நான் அதே அலுவலகத்தில் கால்பந்தும் நீதிமன்றமும் எழுதியவன். 2006இல் புது முதலாளிகள் பக்கம் தயாரிக்கும் வேலையை எழுபது மைல் தள்ளி ஒரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர்களுக்கு ஹெப்லி மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டம் கட்டி வைத்திருப்பார்கள். அடக்கச் செய்திக்கு எட்டு வரி. அதற்கு மேல் ஒரு வரி ஏறாது.

அந்த நவம்பரில் சிரில் ஆம்ப்ளர் இறந்தார். முப்பது வருடம் மேட்டுத்தெரு பஸ் ஓட்டியவர், கல்யாணம் ஆகாதவர். உறவென்று இருந்தது அக்கா எட்னா மட்டும். அவரும் இடுப்பு எலும்பு முறிந்து முதியோர் இல்லத்தில் கிடந்தார்.

"என்னாலதான் வர முடியல. யார் யார் வந்தாங்கன்னு பேப்பர்லயாவது பாக்கணும். ஒருத்தரையும் விட்றாதம்மா" என்றார் மேவிஸிடம்.

"ஒரு பேரும் விடாதுக்கா. வெள்ளிக்கிழமை பாருங்க."

செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் ஊரே திரண்டு வந்தது. நூற்று நாற்பத்தொரு பெயர். திருமதி துவெயிட் தன் பெயரைச் சொல்லிவிட்டு, மேவிஸ் அதை எழுதி முடிக்கிறவரை நகரவில்லை.

புதன்கிழமை, அந்த நகரத்தில் பக்கம் தயாரிக்கிற டொமினிக்கிடம் மேவிஸ் போனில் கத்தியது எனக்குக் கேட்டது.

"டொமினிக், பட்டியல் அனுப்பியிருக்கேன். முழுசா வரணும்."

"மேவிஸ், நூத்தி நாப்பது பேரை யாருங்க படிப்பாங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததாம்.

"அந்த நூத்தி நாப்பது பேரும் படிப்பாங்க! அவங்க எதிர்வீட்டுக்காரங்க படிப்பாங்க! பேப்பர் வாங்குறதே அதுக்குத்தான்யா!"

"சரி சரி, பாக்குறேன்."

அந்தப் 'பாக்குறேன்'-ஐ நம்பியதுதான் அவர் செய்த தப்பு. நானும் நம்பித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டு வரி வந்தது. சிரிலின் வயது, பஸ், தேவாலயத்தின் பெயர். ஒருவர் வந்ததாகக்கூட ஒரு வார்த்தை இல்லை. பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்கு சோபா விளம்பரம்.

மேவிஸ் குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதியோர் இல்லத்துக்குக் காரை நான்தான் ஓட்டினேன். எட்னாவின் மடியில் பத்திரிகையும், அதன்மேல் பூதக்கண்ணாடியும் இருந்தன.

"யாருமே வரலையா, மேவிஸ்?"

"யாருக்கா சொன்னா? நூத்தி நாப்பத்தொரு பேர்! உள்ள இடமில்லாம மழையில நின்னாங்க. இருங்க, படிக்கிறேன்."

ஒன்றுவிடாமல் படித்தார். எட்னா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மேவிஸின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உனக்கு நல்ல மனசும்மா. எனக்காக இத்தனை பேரை யோசிச்சு வச்சிருக்கே."

"யோசிக்கலக்கா! இதோ எழுதியிருக்கு பாருங்க!"

எட்னா பூதக்கண்ணாடியை நோட்டின்மேல் பிடித்தார். எல்லாம் சுருக்கெழுத்துக் கோடும் கொக்கியும்தான்.

"நானும் போயிருந்தேங்க" என்றேன்.

"நீயும் இவ ஆபீஸ்தானே தம்பி?" என்று சிரித்தார். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மேவிஸைப் பார்த்தார்.

"வந்திருந்தா ஹெரால்ட்ல வந்திருக்கும்மா. நீ ஒரு பேரும் விடமாட்டியே."