எங்கட பிள்ளைக்குப் போடுங்கோ

என் தங்கை நோர்வேயில் ஒரு சிறிய ஊரில் தாதி. விவசாயிகள் தொடங்கிய கட்சி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக உறுப்பினர். ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடவிடக் கூடாது என்று உள்ளூராட்சித் தேர்தலில் நின்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இங்கே கனடாவில் நம்மவர் தேர்தலில் நின்றால் கட்சியையா பார்க்கிறோம்? அஜக்ஸிலிருந்து ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபடியே, நோர்வேயில் அவள் பகுதியில் வாழும் எங்கள் ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "கட்சியைப் பாக்காதேங்கோ. எங்கட பிள்ளைக்குப் போடுங்கோ." அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாரோ அதை நோர்வே மொழியில் மாற்றி முகநூலில் போட்டுவிட்டார்கள்.

நாலாம் நாள் நான் அதே ரயிலில் இருக்கும்போது தங்கை அழைத்தாள். அவள் குரல் உயரவேயில்லை.

"நேற்றுக் கூட்டத்தில ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை, அண்ணா. பக்கத்துப் பால் பண்ணைக்காரர் மட்டும், நீ ஆருக்காக நிக்கிறாய் எண்டு கேட்டார்."

"நான்தான் எழுதினனான் எண்டு சொல்லன்."

"சொன்னனான். தலையாட்டிப்போட்டு எழும்பிப் போயிட்டார். இவ்வளவு நாளும் அவையளுக்கு நான் பள்ளிக்கூடத்துக்காக நிக்கிற ஆள். இப்ப தமிழ்ப் பெட்டை."

அவள் தோற்றாள். பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். கட்சிக் கூட்டங்களுக்கு அவள் இப்போது போவதில்லை; எனக்கு அழைப்பதும் இல்லை.

அந்தச் செய்தியை அழிக்கப் பார்த்தேன். எல்லோருடைய கைபேசியிலிருந்தும் அழிக்க நாள் கடந்துவிட்டதாம். என் கைபேசியிலிருந்து மட்டும்தான் அழிந்தது.