தாடைக்கறியும் மூன்றாவது பெஞ்சும்

சுமத்ராவின் பாலிகே ஊரில் எங்கள் லுத்தரன் கோவிலில் நாலு குரலாகப் பிரிந்து பாடுவோம்; அவரவர் குரலுக்குத் தக்கபடிதான் பெஞ்சு. தியோமினாருக்குக் கீழ்க்குரல், முதல் நற்கருணைக்கான திடப்படுத்தல் எடுத்த வயதிலிருந்து மூன்றாவது பெஞ்சு. பக்கத்தில், அதே குரலில், அவள் நாத்தனார் லாம்ரியா. கட்டைக்குரல்காரனான எனக்கு நான்காவது.

தியோமினாரின் புருஷன் செத்த அன்று பன்றி வெட்டினார்கள். எங்கள் வழக்கப்படி தாடைக்கறி செத்தவனின் தங்கை லாம்ரியாவுக்குச் சேர வேண்டியது. அழுகையிலும் அவசரத்திலும் தியோமினார் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். எங்கள் பத்தாக் ஜனங்களிடம் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, கறிப்பங்கு மாறினால் கிடையாது. அதன்பின் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து பாடினார்கள், நற்கருணை வாங்கினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. போதகர் உட்பட எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். வெட்கக்கேடு.

பொறுக்க முடியாமல் தியோமினார் மேடான் நகரத்தில் இருந்த மகனிடம் போனாள். அவன் சபை ஒரு வணிக வளாகத்தின் மாடியில், டிரம்ஸோடு. எல்லோருக்கும் ஒரே ராகம். இவள் பழக்கத்தில் தன் கீழ்க்குரலில் பாட, “ஆன்ட்டி, எங்களோட சேர்ந்து பாடுங்க” என்றான் மைக் பிடித்தவன். அப்புறம் அவள் வாயை மட்டும் அசைத்தாள். ஆனால் காய்ச்சலில் கிடந்தபோது அந்தச் சபையிலிருந்து தினம் ஒருத்தி கஞ்சியோடு வந்தாள். அவர்கள் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னபோது, மனம் நோகக் கூடாதே என்று தொட்டியில் இறங்கிவிட்டாள்.

செய்தி பாலிகேவுக்கு வந்தது. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாது என்பதாகிவிடுமே அது. சபைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் இல்லாதவர் செத்தால் கோவில் மணி அடிக்காது.

போன வருஷம் திரும்பி வந்து, நேரே போதகரிடம் போனாள்.

“மணி அடிச்சுத்தான் என்னைப் பொதைக்கணும் ஐயா.”

“அப்ப சபை முன்னால நின்னு பாவ அறிக்கை செய்யணும்மா.”

ஞாயிறன்று முன்னால் வந்து நின்றாள். தப்பை ஒத்துக்கொள்கிறாயா என்று போதகர் கேட்டார்.

“முங்குனது தப்புதான். பச்சப்புள்ளையில கெடச்சதே எனக்குப் போதும். ஆனா அவங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், கஞ்சி ஊத்துனவங்க.” போதகர் பக்கம் திரும்பினாள். “இதுக்குப் பேர எடுத்தீங்க, சரி. நாத்தனாரோட பேசாமலே இத்தன வருஷம் இங்க அப்பமும் ரசமும் வாங்குனேனே, அதுக்கு ஏன் எடுக்கல?”

போதகர் சபை ஒழுங்குப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் மன்னிப்பைக் கூறி, பாட்டு எண்ணைச் சொன்னார்.

அவள் மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். அவள் இடத்தில் லாம்ரியாவின் கைப்பை இருந்தது. கோவிலே அந்தப் பையைத்தான் பார்த்தது. லாம்ரியா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் சரணம் முடிந்தது. லாம்ரியா திரும்பாமலே கேட்டாள்: “தாடைய யாருக்குத்தான் குடுத்தீங்க அண்ணி?”

“சத்தியமா ஞாபகம் இல்ல.”

“போகட்டும். அடுத்த சரணத்துல சத்தமாப் பாடுங்க. தனியாப் பாடிப் பாடி எனக்குத் தொண்டையே போச்சு.”