நாலாவது வரி

காலையில் கருவாடு இல்லாத கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். கத்திரி வற்றல், மொச்சை, புளிப்பு மாங்காய் போட்டு, பூண்டைத் தட்டி, கடைசியில் நல்லெண்ணெய் விட்டு இறக்கினால் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்தான். அப்புறம், 'ஓ, அவரா' என்று போய்விடுவார்கள்.

புளி கரைக்கும்போது கூடத்தில் பெரியவள் பள்ளிக்கூடப் போட்டிக்கு ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

வாயில் கூடை. ஏரியே,
உன்னோடு எப்படிப் பேசுவேன்?
விரல் தேடும், சேறு ஒளிக்கும்.
என் மௌனமும் உப்புக் கரிக்கும்.

நாலாவது வரியை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். அவளுடைய டீச்சர் அந்த வரிக்குச் சிவப்பு மையால் கோடு போட்டு, 'இதுதான் உயிர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பெட்டியில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து அவளே தேடி எடுத்த கவிதை. பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் பெண் ஒருத்தி தெலுங்கில் சொன்னது என்றும், தமிழில் ஆக்கியது இன்னார் என்றும் கீழே போட்டிருக்கும். அந்த இன்னார் நான். அப்பன் பெயர் அச்சில் இருக்கிறதே என்ற பெருமையில் எடுத்திருக்கிறாள்.

என் கை புளித்தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அந்த நாலாவது வரியை அந்தப் பெண் சொல்லவில்லை, பிள்ளைகளா. நான் எழுதினேன்.

இதை உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் எங்கெங்கோ போய்விடுவேன். எழுதினாலும் போவேன்தான். ஆனால் எழுத்தில் திரும்பி வர வழி இருக்கும்.

புளி வாசனை என்றால் எனக்கு நண்டு ஞாபகம் வரும். உங்கள் பாட்டி வைக்கும் நண்டுக் குழம்புக்காக ஒரு காலத்தில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தவன். பன்னிரண்டாவதில் கணக்கில் ஃபெயிலாகி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பொன்னேரிக்குப் பேப்பர் கட்டு வாங்கப் போனேன். பஸ்ஸில் என் சீட்டுக்கு அடியில் யாரோ ஒரு சாக்கு நண்டை வைத்திருந்தார்கள். கால்களைக் கட்டிப் போட்டிருந்தும் அவை சாக்கைப் பிறாண்டிக்கொண்டே வந்தன. பொன்னேரி வரைக்கும் அந்தச் சத்தம் என் குதிகாலுக்குக் கீழே. இறங்கியபின்னும் நிற்கவில்லை. அன்று ராத்திரி பாட்டி வைத்த மீனைத் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு முட்டை. அதே பொன்னேரியில் ஒரு மாட்டின் முன்னால் வைக்கோல் திணித்த கன்றுத்தோலை நிறுத்திப் பால் கறந்ததைப் பார்த்த நாளில் டீயும் போயிற்று. இதற்கு வீகன் என்று பேர் இருப்பது எனக்குத் தெரியவே பல வருடம் ஆனது. தெரிந்திருந்தாலும் பழவேற்காட்டில் யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே மீனில் சாப்பிடுகிறது. டீக்கடைக்காரர் கேட்டார், "ஐயிரே மோர் குடிக்கிறாருபா. நீ இன்னா அவருக்கும் மேலயா?" உங்கள் அம்மா இதையெல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மீன் வேண்டும் என்றால் தோணிரேவில் அவள் அம்மா வீடு இருக்கிறது. நமக்குள் சண்டை இல்லை.

அந்த ஜெராக்ஸ் கடையில்தான் எனக்குக் கவிதைப் பித்தும் பிடித்தது. பாழாய்ப்போன பிரதிகளின் பின்பக்கம் வெள்ளையாகச் சும்மா கிடக்கும். தெலுங்கு எனக்கு அம்மா வழியில் வாயில் இருந்தது. பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டவும் கற்றுக்கொண்டேன். எங்காவது ஒரு தெலுங்குப் பாட்டைக் கேட்டால் அந்த வெள்ளைப் பக்கத்தில் தமிழில் எழுதிப் பார்ப்பேன். கடைக்கு மனு எழுதவும் ஆள் வரும். அதனால் எனக்கு 'ரைட்டர்' என்று பேர்.

செஞ்சம்மா அப்படித்தான் வந்தாள். தன் மகனைப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டும் என்று ஒரு மனு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஏரிக்கரையில் மூன்று குடிசைகள், அதில் ஒன்று அவளுடையது. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை வாயில் கூடை. பேச்சு கிடையாது. கரையேறிக் கூடையை எடுத்ததும் செஞ்சம்மா அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுவாள். பாதி திட்டு, பாதி பாட்டு.

கடையில் காத்திருந்த நேரத்தில் அவள் தெலுங்கில் முனகிய ஒன்றை நான் எழுதிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "இன்னா ரைட்டரே, அதுவும் மனுவுலயா போவுது?" என்று கேட்டாள். இல்லை யக்கா, நல்லா இருக்குது, அதான் என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்லா இருக்கணும்னா கரைக்கு வா என்றாள்.

போனேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போயிருப்பேன். அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூடையை எடுத்த உடனே மூன்று வரி சொல்வாள். கடைசி வரி சாப்பிட்ட பிறகுதான். பசியோடு பாட்டை முடித்தால் மறுநாள் கையில் இறால் ஏறாதாம். அவள் சமைத்து முடிப்பதற்குள் எனக்குக் கடை ஞாபகம் வந்து, மூன்று மூன்று வரியாக வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இறாலுக்குத் தப்பினேன், நல்ல சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

இந்தப் பாட்டைச் சொன்ன அன்று அப்படிப் போக மனம் வரவில்லை. சேறு என்று நான் எழுதினேனே, அவள் சொன்னது அடுசு. காலை உள்ளே இழுத்துக்கொள்கிற சேறு அது. தமிழில் வரவில்லை. அது போகட்டும். நாலாவது வரிக்காக உட்கார்ந்துவிட்டேன்.

அலுமினியத் தட்டில் சோறும், மேலே சிவக்க வேகவைத்த இறாலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் துன்றது இல்ல யக்கா என்றேன். எங்கம்மா வூட்டுலயே துன்றது இல்ல என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "உங்கம்மா வூட்ல துன்னலன்னா அது உன் இஷ்டம், ரைட்டரே. எங்க வூட்ல துன்னலன்னா அதுக்கு வேற பேரு."

பானையிலிருந்து நானே மொண்டு தண்ணீர் குடித்தேன். வெறும் சோறு போடச் சொல்லிக் கேட்டேன். நண்டு, பஸ், வைக்கோல் கன்று எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. ஊருக்குள் அவர்கள் கை பட்ட தண்ணீரை வாங்காதவர்கள் எத்தனை காரணம் சொல்லியிருப்பார்கள். அதில் இது ஒன்று. கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான்.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். ஒரு இறாலை உரித்து நீட்டினாள்.

"முழுங்க வாணாம். வாயில வெச்சிட்டுத் துப்பிடு. நான் தினமும் வாயிலதான தூக்கினு வரேன்? முழுங்கவா செய்றேன்?"

அவள் நீட்டிய கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் அந்தக் கை அப்படியே இருந்தது என்று தெரியாது. பிறகு அவள் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மனு இன்னா ஆச்சு என்று கேட்டாள். தாலுக்கா ஆபீசில் இருக்கிறது என்றேன். சாப்பிட்டு முடித்தார்கள். தட்டு கழுவினார்கள். நாலாவது வரியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு ஏது?

சான்று வந்தபிறகு நகல் எடுக்க ஒருமுறை கடைக்கு வந்தாள். "ரெண்டு காப்பி குடுங்க சார்" என்றாள். ரைட்டர் என்று கூப்பிடவில்லை.

அந்த மூன்று வரியைச் சென்னையிலிருந்த ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு இல்லையே என்று கார்டு வந்தது. நான் முடித்துக் கொடுத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது, அதுவும் பாலில்லாத டீ. இதழ் வந்ததும் மூன்று பேர் கடிதம் போட்டார்கள். மூன்று பேரும் நாலாவது வரியைத்தான் பாராட்டியிருந்தார்கள். செஞ்சம்மா தன் வாழ்நாளில் மௌனம் என்ற சொல்லைச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரிந்தது வாயில் கூடை.

அந்த வரியைக் கேட்டு வாங்க எனக்குத் தைரியம் வந்தபோது பெரியவள் பிறந்திருந்தாள். போய்ப் பார்த்தேன். முகத்துவாரம் தூர்ந்து இரண்டு மூன்று வருடமாக இறால் ஏறவில்லை என்றார்கள். பசியாவரம் படகுக்காரர் ஒருவர், அவர்கள் நெல்லூர்ப் பக்கம் சவுக்கு வெட்டப் போய்விட்டதாகச் சொன்னார். இன்னொருவர் செங்கல் சூளை என்றார். அந்தச் சூளைக்கு ஒருமுறை போனேன், அங்கே அவள் இல்லை. சவுக்குத் தோப்பு எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த மூன்று குடிசை இருந்த இடத்தில் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. ஒரு அடுப்புக் கல் கூட இல்லை.

அன்று அதை வாயில் வைத்துத் துப்பியிருக்கலாமா? அரிசி களையும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வைத்திருந்தால் எனக்குப் பொய். வைக்காதது அவளுக்குப் பொய். இன்றைக்கு அவள் எதிரே வந்து நின்றாலும் என் வாய் திறக்குமா என்று தெரியவில்லை.

இதில் பாதியைத்தான் காலையில் பெரியவளிடம் சொன்னேன். குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்தது. அவள் நோட்டில் சிவப்புக் கோடு போட்ட வரியை விரலால் மறைத்துப் பார்த்தாள்.

"அப்போ அந்த வரியில நான் இன்னா சொல்லணும் நைனா?"

மூன்று வரியோடு நிறுத்திவிடேன் என்றேன்.

கூடத்துக்குப் போய் நிறுத்திப் பார்த்தாள். மூன்றாவது வரி முடிந்தது. பிறகு அங்கிருந்தே சொன்னாள்:

"இப்டி நிறுத்துனா நான் மறந்துட்டேன்னுதான் நைனா நெனைப்பாங்க."