சுண்ணாம்புக்குக் கீழே சிவப்பு

சுருலேரேயில் சிகிராத்தின் வீட்டு முகப்பில் வெகுகாலமாகச் சிவப்பு எழுத்து நின்றது: 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல. ஏமாறாதீர்கள்.' எழுதியவர் அவள் கணவர் முஃபுதாவ். வீட்டுக்காரர் நாலு நாள் ஊருக்குப் போனால் போதும், எவனோ ஒருவன் வந்து தன் வீடுபோல அதை விற்றுக் காசாக்கிவிடுகிற லாகோஸ் நகரம் இது. மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுத்து மட்டும் காவல் இருந்தது.

சிகிராத் தலைபின்னியே பிழைத்தவள். நாளெல்லாம் நின்று நின்று முழங்கால் போயிற்று. மாடிப்படி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. கை யார் தலையையாவது பின்னிக்கொண்டிருக்கும். வாய் வீட்டு விலையையே பேசும். இந்த ஒரு வீட்டுக்கு இங்கே கேட்கிற விலையில், லாகோஸ் எல்லை தாண்டி இபாஃபோவில் கிணறும் முற்றமுமாக மூன்று வீடு வாங்கலாமே! படியே இல்லாத ஒரு வீடு, மீதிப் பணத்தில் உட்கார்ந்து சாப்பாடு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விற்பதென்று முடிவானதும் கணவரின் எழுத்தின்மேல் தன் கையாலேயே வெள்ளையடித்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே அடித்தாள்.

பிறகு ஒருநாள், சேர்த்து வைத்திருந்த பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு தரகன் ரசாக்கியோடு அவன் பைக்கில் இபாஃபோ போனாள். வீடு கண்ணுக்கு நிறைவாக இருந்தது. விலையோ அந்தப் பக்கத்து விலையிலும் பாதி.

"வீட்டுக்காரர் எங்கப்பா?"

"வெளிநாட்டுல இருக்காரும்மா. அவசரம்னு என்கிட்ட விட்டுட்டாரு. இப்பவே அட்வான்ஸ் குடுத்தா உங்களுக்கு. இல்லேன்னா சாயங்காலம் வேற பார்ட்டி வருது."

முடிச்சை அவிழ்க்கப் போனவள், கால் வலி தாங்காமல் சுவரைப் பிடித்தாள். உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு. கை பட்ட இடத்தில் சிவப்பாக ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். மிச்சத்தைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அடப்பாவி! என் தலையிலயே மொளகா அரைக்கப் பாத்தியா?"

"அம்மா, அம்மா, இருங்க" என்றபடியே ரசாக்கி பைக்கைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டான்.

பஸ் பிடித்து அவள் வீடு வந்தபோது வாசலில் ஓர் இளம் தம்பதி, வீடு பார்க்க வந்தவர்கள். கணவன் முகப்புச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நகத்தில் சிவப்பு.

"கோச்சுக்காதீங்கம்மா. இது நெஜமாவே உங்க வீடுதானா?"

சுள்ளென்று கோபம் வந்தது அவளுக்கு. தன் கையைப் பார்த்தாள். இபாஃபோ சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

"நல்லாக் கேட்டப்பா. தெருவுல ஒரு வீடு விடாம விசாரிச்சுட்டு வா. நீ சுரண்டின எழுத்தை எழுதினவர் பேரு முஃபுதாவ். நான் அவர் பொண்டாட்டின்னு எல்லாரும் சொல்லுவாங்க."