அத்தானுக்கு விட்டுக்கொடுத்த ஆறு மாதம்

அக்கா போனில் சொன்னது ஒரே வாக்கியம்தான். "அவர எப்படியாச்சும் சோஃபாவிலேர்ந்து எழுப்பி விடுடா."

அவர் என்றால் என் அத்தான், அக்காவின் கணவர். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரையும் அவருடைய பிரிவையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்து ஹாலில் சாய்ந்த மனிதர், சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் எழுந்தார். அக்கா சனிக்கிழமைதோறும் நொவேனா தேவாலயத்துக்குப் போய் அவருக்கு வேலை கேட்டு ஜெபித்தாள். அவர் கைப்பேசியில் எது வந்தாலும் பார்த்தார். அழுக்குக் கம்பளம் துவைப்பதை ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

நான் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறேன். ரயிலில் ஏறினால் தீவின் ஒரு பாதியைக் கடந்துதான் அக்கா வீடு. அப்படிப் போன ஒரு சனிக்கிழமை அத்தான் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். இரண்டு பேர் தரையில் பின்னிக்கொண்டு கிடந்தார்கள். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவாம். அடி கிடையாது, உதை கிடையாது. கட்டிப்பிடித்து உருண்டு, கையையோ கழுத்தையோ மடக்கி, எதிராளி தோளில் தட்டும்வரை விடாமல் இருப்பது. தட்டினால் தோல்வி.

"இத நாம செஞ்சு பாப்போமா, மச்சான்?" என்றார்.

மூன்று வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. கடல் தாண்டி பாத்தாம் தீவுக்கு நீந்திப் போவோமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு நாற்பத்து நான்கு, அவருக்கு ஐம்பத்தொன்று. இருவருக்கும் சேர்த்து உருப்படியான முழங்கால் இரண்டு தேறும்.

பிள்ளைகள் தவழ்ந்த காலத்து எழுத்து எழுத்தாகக் கழற்றி மாட்டும் நுரைப்பாயை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து விரித்தோம். அதில் இரண்டு எழுத்துகளைக் காணோம். என் முழங்கை தவறாமல் அந்தப் பள்ளத்தில்தான் போய் இறங்கும். கழுத்துப்பட்டியைப் பிடிக்க முரட்டுச் சட்டை வேண்டும் என்பதால் ஜீன்ஸ் ஜாக்கெட் போட்டு, இடுப்பில் அக்காவின் பழைய துப்பட்டாவைக் கட்டிக்கொண்டோம். டிவியில் வீடியோ ஓடியது. அதில் பாடம் நடத்துபவரின் காது அமுங்கிப்போன பணியாரம் மாதிரி இருக்கும். அவரிடம் மாட்டிக்கொள்ளும் ஆள் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

முதல் பாடத்திலேயே சிக்கல். மல்லாந்து படுத்து, எதிராளியின் இடுப்பில் இரண்டு பாதங்களையும் வைத்துத் தள்ள வேண்டும். இடுப்பில் பாதம். அதுவும் அக்கா புருஷன் இடுப்பில். வைத்தேன். வைத்த மறுநொடி என் கை தானாகப் போய் அவரைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று வளர்ந்த உடம்பு, வேறு என்ன செய்யும்? அவர் முறை வந்தபோது அவரும் அதையே செய்தார். வயதில் மூத்தவர், செய்யத் தேவையில்லை என்றேன். கால் யாருடையதானாலும் கால்தான் என்றார்.

ஆக, பணியாரக் காதுக்காரர் நான்கு அசைவில் முடித்ததை நாங்கள் எட்டு அசைவில் முடித்தோம். பிடி, கால் வை, தொடு, கண்ணில் ஒற்று, மறுபடி பிடி. போகப் போக அதில் ஒரு வேகமே வந்துவிட்டது. அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று எங்களுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் அவர் என் கழுத்தை இரண்டு காலுக்கு நடுவில் பூட்டியிருந்தார். அடுத்து என்ன என்று பணியாரக் காதுக்காரர் சொல்லப்போகும் சமயம் பார்த்து விளம்பரம் வந்தது. ரிமோட் மேசைமேல். இருவரிடமும் சும்மா இருக்கும் கை ஒன்றுகூட இல்லை. அவிழ்த்தால் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது மறந்துவிடும். அப்படியே கிடந்து, ஏர்கான் சர்வீஸ் விளம்பரத்தை முழுதாகக் கேட்டோம். அது முடிந்து இன்னொன்று தொடங்கியது. நொவேனாவுக்குக் கிளம்பி நின்ற அக்கா, எங்களைத் தாண்டி வந்து, குடை நுனியால் ரிமோட்டை அழுத்திவிட்டுப் போனாள். அன்று யாருக்காக எல்லாம் ஜெபித்தாளோ தெரியாது.

ஆனால் அத்தான் எழுந்துவிட்டார். காலையில் சவரம் செய்தார், மார்க்கெட்டுக்குப் போனார். அது எதனால் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்ததும் கொஞ்சம் திமிறுவேன், கொஞ்சம் முனகுவேன், பிறகு தோளில் தட்டுவேன். அவர் முகம் மலரும். எனக்குப் பெருமை தாங்காது. திரும்பி வரும் ரயிலில் என் நல்ல மனதை நானே மெச்சிக்கொள்வேன்.

ஆறாவது மாதம் அவருக்குத் துணிச்சல் வந்து, நிஜமான பயிற்சிக்கூடத்துக்குப் போகலாம் என்றார். லிட்டில் இந்தியாவில், பூமாலைக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்தது அது. அங்கே யாரும் அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்களே. தடுக்க வழி தெரியவில்லை.

அவருக்கு ஜோடியாக வந்தது ஒரு சீனப் பெண். பாலிடெக்னிக் படிக்கும் வயது, அவர் எடையில் பாதிதான் இருப்பாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொன்னாள். அத்தான் மல்லாந்து படுத்து, அவள் இடுப்பில் பாதம் வைத்து, பிடியை விட்டு, அவள் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது போல என்று நினைத்து அவள் நின்று, அங்கிள் ஓகேவா என்று கேட்டாள். இரண்டாவது முறை அவள் கேட்கவில்லை. கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்த கையை அப்படியே பிடித்து மடக்கினாள். அத்தான் தட்டினார். அதற்கப்புறம் அவர் கை கண்ணுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் தயாராகக் காத்திருந்தாள். மொத்தம் ஏழு முறை. என்னை ஒரு வழுக்கைத்தலை மனிதர் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்திருந்ததால், எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்க்கும்படி ஆனது.

கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அவர் தேநீரைத் தொடவில்லை. போச்சு, மறுபடி சோஃபாதான் என்று நினைத்தேன்.

"நீ வேணும்னேதானே தோத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றேன்.

"வேலையிலேர்ந்து தூக்கினவன்கூட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் தூக்கினான். வீட்டுல ஆறு மாசமா ஒருத்தரும் எங்கிட்ட நேரா பேசல. நான் வெக்கற சாம்பார்ல உப்பு இல்லன்னாகூட, வருத்தப்படுவேன்னு, உங்கக்கா நல்லாருக்குன்னுதான் சொல்றா. அந்தப் பொண்ணுதான்லா என்ன மனுஷனா நெனச்சு அடிச்சிச்சு."

எனக்கு அவமானமாக இருந்தது. அவருடைய தேநீரையும் நானே குடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது பாய் விரித்தே இருந்தது. டிவி அணைந்திருந்தது. மன்னிப்பெல்லாம் கடைசியில் மொத்தமாக ஒரே தடவை கேட்டுக்கொள்ளலாம், நடுவில் கண் பக்கம் கை போகக் கூடாது என்றார். விட்டுக்கொடுத்தால் இந்த வீட்டுப் படியேறாதே என்றும் சொன்னார். சரி என்றேன். எனக்குள் ஒரு பயம். அவரை நிஜமாக அடித்து அழவைத்துவிட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? பார்த்து, பக்குவமாக ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குப்புறக் கிடந்தேன். கால் வழுக்கிவிட்டது என்றேன். இரண்டாவது முறை முழுப் பலத்தையும் போட்டேன். என் ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டி என் தொண்டையிலேயே வந்து இறுகியது. வாரத்தில் ஒருநாள், அதுவும் ரயிலில் அரைத்தூக்கத்தில், நான் பார்த்த வீடியோக்களை மனிதர் திங்கள் முதல் வெள்ளி வரை பார்த்து, பக்கத்தில் இருந்த நீட்டுத் தலையணையைப் புரட்டிப் புரட்டிப் பழகியிருக்கிறார். ஆறு மாதமாக நான் முனகிய முனகல், திமிறிய திமிறல், ரயிலில் என்னை நானே மெச்சிக்கொண்டது எல்லாம் வீண். சும்மா இருந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்பேன். எனக்குக் கோபம் வந்தது, நிஜமான கோபம். மூன்றாவது முறை ஆத்திரத்தோடு அவர்மேல் பாய்ந்தேன்.

என் வலது கை அவருடைய இரண்டு தொடைகளுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு இருந்தது. முழங்கை போகக் கூடாத பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இடது கையால் அவர் காலில் தட்டினேன். அவர் விடவில்லை. மறுபடியும் தட்டினேன்.

"நிஜமாத் தட்டுறியா?" என்று கேட்டார்.

"நிஜமாத்தான் அத்தான். வலிக்குது."

அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி, நான் கத்தியதைக் கேட்ட பிறகுதான் விட்டார்.